எதன் வயது? கல்லா, கரியா, மண்ணா?

வாசகர் கேள்வி – பதில்

தொல்பழங்கால இடங்களின் வயதைக் கண்டுபிடிப்பது பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த மாதம் பதில் தருகிறோம். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறோம்.

அதிரம்பாக்கத்தில் கிடைத்த கைக்கோடரிகளுக்கு 15 லட்சம் வயது என்கிறார்கள். கார்பன் சோதனை செய்து கண்டுபிடித்ததா? — திருவள்ளூர் வாசகர்

கார்பனுக்கு அங்கே வேலையே இல்லை. ஒரு காலத்தில் உயிரோடு இருந்த பொருளில்தான் கார்பன்-14 இருக்கும்: கரி, விதை, எலும்பு, கிளிஞ்சல். அதன் அரை ஆயுள், அதாவது பாதி சிதைய ஆகும் காலம், 5,730 ஆண்டு. 50,000 ஆண்டு கடந்தால் கருவியில் அளக்கும் அளவுக்கு எதுவும் மிஞ்சாது. கல்லில் முதலிலேயே கிடையாது.

கொசஸ்தலையாற்றுப் படுகையில் உள்ள அதிரம்பாக்கத்தை ராபர்ட் புரூஸ் ஃபூட்டும் வில்லியம் கிங்கும் 1863-இல் கண்டறிந்தார்கள். அடுத்த நூற்று ஐம்பது ஆண்டுகளுக்கு யாராலும் அந்த இடத்துக்கு உறுதியான எண் ஒன்றைச் சொல்ல முடியவில்லை. 1999 முதல் தொல்லியலாளர்கள் சாந்தி பப்பு, குமார் அகிலேஷ் குழுவினர் அங்கே முறையாக அகழ்ந்தார்கள். 2011-இல் வெளியான அவர்களுடைய ஆய்வில் இரண்டு தனித்தனி வழிகளில் வயது வந்தது.

முதல் வழி காஸ்மிக் கதிர். கல் தரையில் கிடக்கும்போது விண்ணிலிருந்து வரும் கதிர்கள் அதிலுள்ள குவார்ட்ஸ் என்னும் கனிமத்தைத் தாக்கி இரண்டு அரிய அணுக்களை உண்டாக்குகின்றன. சிலிக்கானிலிருந்து அலுமினியம்-26 வருகிறது, ஆக்சிஜனிலிருந்து பெரிலியம்-10 வருகிறது. ஒரு பெரிலியத்துக்கு ஏறத்தாழ 6.8 அலுமினியம் என்ற விகிதம். கல் பல மீட்டர் மண்ணுக்கடியில் போனதும் கதிர் நின்றுவிடும், சேர்ந்தது சிதையத் தொடங்கும். அலுமினியத்தின் அரை ஆயுள் சுமார் 7 லட்சம் ஆண்டு, பெரிலியத்துக்கு சுமார் 14 லட்சம். அலுமினியம் வேகமாகக் கரைவதால் விகிதம் குறைந்துகொண்டே வரும். 6.8 இருந்த இடத்தில் 3.4 இருந்தால் அந்தக் கல் புதைந்து ஏறத்தாழ 14 லட்சம் ஆண்டு என்று பொருள். அதிரம்பாக்கத்துக் குவார்ட்சைட் கருவிகளை இப்படி அளந்தபோது கிடைத்த சராசரி 15.1 லட்சம், கூட்டியோ குறைத்தோ 70,000.

இரண்டாவது வழி பூமியின் காந்தம். களிமண் படியும்போது அதிலுள்ள இரும்புத் துகள்கள் அன்றைய காந்தத் திசையைப் பதித்து வைத்துக்கொள்ளும். பூமியின் வடதுருவக் காந்தம் இன்றுள்ள நிலைக்குக் கடைசியாகத் திரும்பியது சுமார் 7.8 லட்சம் ஆண்டுகளுக்கு முன். அதற்கு முன் வடக்கும் தெற்கும் இடம் மாறியிருந்தன. கருவிகள் இருந்த களிமண் அடுக்குகள் தலைகீழ்த் திசையைக் காட்டின. இடையில் 10.7 முதல் 9.9 லட்சம் ஆண்டு வரை காந்தம் சற்றுக் காலம் நேராக நின்றது. அந்தச் சுவடும் அங்கே இல்லை. ஆகவே அந்த அடுக்குகள் 10.7 லட்சத்துக்கும் முந்தியவை என்று ஆய்வாளர்கள் முடிவுக்கு வந்தார்கள். காந்தம் தனியாக 15 லட்சம் என்று சொல்லாது. ஆனால் கதிர்க் கணக்கு வெறும் 3 லட்சம் என்று வந்திருந்தால் அது தவறு என்று காட்டிக்கொடுத்திருக்கும். அதுதான் இதன் பயன்.

இங்கே வயது எதற்கு என்று கவனியுங்கள். கல் எப்போது செதுக்கப்பட்டது என்பதை யாரும் அளக்கவில்லை. கல் எப்போது புதைந்தது என்பதைத்தான் அளந்தார்கள். செதுக்கியதற்கும் புதைந்ததற்கும் நடுவே அதிகக் காலம் போகவில்லை என்று சொல்வது கருவியின் விளிம்பு: ஆற்றில் உருண்டு மழுங்கியதா, கூர் அப்படியே இருக்கிறதா? அதைப் பார்ப்பது தொல்லியலாளர் வேலை, ஆய்வகக் கருவி செய்து தராது.

எங்கள் நிலத்தை உழும்போது கைக்கோடரி போன்ற கல் ஒன்று கிடைத்தது. எந்த ஆய்வகத்துக்கு அனுப்பினால் வயது சொல்வார்கள்? — ஊத்துக்கோட்டை வாசகர்

எந்த ஆய்வகமும் சொல்லாது. மண்ணிலிருந்து எடுத்துவிட்ட கல்லுக்கு வடிவம் மட்டும்தான் சாட்சி. இரு புறமும் செதுக்கிய, கை அளவுள்ள, துளி வடிவக் கல் என்றால் பழைய கற்காலத்தின் முற்பகுதி என்று சொல்லலாம். அந்த மரபு பத்து லட்சம் ஆண்டுக்கு மேல் நீடித்தது, அதற்குள் எங்கே என்று வடிவம் சொல்லாது.

இனி இன்னொன்று கண்ணில் பட்டால் எடுக்காதீர்கள். பக்கத்தில் அளவுகோலோ பேனாவோ வைத்துப் படம் எடுங்கள். கைப்பேசியில் இடக்குறிப்பைப் பதியுங்கள். வரப்பு வெட்டிலோ கிணற்று வெட்டிலோ இருந்தால் மேலிருந்து எத்தனை அடி, எந்த நிற மண் என்று எழுதுங்கள். பிறகு மாநிலத் தொல்லியல் துறைக்குச் சொல்லுங்கள். உங்கள் பக்கத்திலேயே பூண்டியில் துறையின் தொல்பழங்கால அகழ்வைப்பகம் இருக்கிறது, கல்லைக் காட்டி வகை கேட்கலாம். கழுவித் தேய்த்து எண்ணெய் பூசிக் கொண்டுபோக வேண்டாம்.

அகழாய்வுப் பயிற்சிக்குப் போகிறேன். கரி மாதிரி எடுப்பது எப்படி? எவ்வளவு வேண்டும்? — முதுகலை மாணவி, மதுரை

முதலில் எதை எடுக்கக் கூடாது என்று பார்த்துவிடுவோம். மண்ணில் சிதறிக் கிடக்கும் தனிக் கரித்துகள் எங்கிருந்தும் வந்திருக்கலாம். கரிசல் மண் கோடையில் வெடிக்கும், மேலே உள்ள கரி வெடிப்புக்குள் ஒரு மீட்டர் கீழே இறங்கிவிடும். எலி வளை, கறையான் புற்று, வேர்த் தடம் எல்லாம் இதே வேலையைச் செய்யும். அடுப்பு, தாழியின் உட்புறம், எரிந்த தரை, தானியக் குவியல் இப்படி மனிதச் செயலோடு கட்டுண்ட இடத்தில் இருக்கும் கரிதான் வேண்டும்.

எடுக்கும் முன் வெட்டுச் சுவரைப் புதிதாகச் சீவுங்கள். கரணையைத் துடைத்துக்கொள்ளுங்கள். கையால் தொடாமல் இடுக்கியால் எடுத்து அலுமினியத் தாளில் வைத்து மடியுங்கள். பஞ்சு, டிஷ்யூ காகிதம், துணி எதுவும் மாதிரியைத் தொடக் கூடாது. அவையெல்லாம் இன்றைய கார்பன். கரி உதிர்கிறதே என்று பசை போடுவது எல்லாவற்றிலும் மோசம். ஈரமாக இருந்தால் நிழலில் உலரவிட்டுப் பிறகு மூடுங்கள். ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் கட்டினால் பூஞ்சை பிடிக்கும். உறையின் மேல் குழி எண், அடுக்கு எண், ஆழம், இரு பக்கச் சுவரிலிருந்து தூரம், தேதி. உள்ளே காகிதச் சீட்டு போடாதீர்கள்.

அளவு: ஏ.எம்.எஸ். என்னும் முடுக்கி முறைக்குக் கடைசியில் தேவைப்படுவது ஒரு மில்லிகிராம் கார்பன்தான். சுத்தம் செய்வதில் பாதிக்கு மேல் போய்விடும் என்பதால் 20 முதல் 50 மில்லிகிராம் கரி கொடுப்பது நல்லது. ஒரு நெல்மணியே போதும். இந்தியாவில் தில்லியில் உள்ள பல்கலைக்கழகங்களுக்கு இடையேயான முடுக்கி மையத்திலும், அகமதாபாத் இயற்பியல் ஆராய்ச்சி ஆய்வகத்திலும் இந்தக் கருவி இருக்கிறது.

ஆய்வகத்தில் அமிலம், காரம், மீண்டும் அமிலம் என்று மூன்று கழுவல். முதல் அமிலம் சுண்ணாம்பை எடுக்கும். காரம் மண்ணிலிருந்து ஊறிய மட்கை எடுக்கும். காரத்தில் கழுவும்போது காற்றிலிருந்து ஒட்டிக்கொண்ட கார்பன் டை ஆக்சைடைக் கடைசி அமிலம் போக்கும். ஏன் இத்தனை பாடு? கார்பன்-14 அறவே தீர்ந்துபோன பழைய கரியில் இன்றைய கார்பன் 1 விழுக்காடு கலந்தாலும் கருவி ‘37,000 ஆண்டு’ என்று காட்டும். மாறாக, கார்பன்-14 இல்லாத செத்த கார்பன் 1 விழுக்காடு கலந்தால் வயது 80 ஆண்டுதான் கூடும். பழைய மாதிரிக்கு இளமைதான் பகை.

கடைசியாக ஒன்று. மரத்தின் வைரம் பட்டையை விடப் பழையது. முந்நூறு ஆண்டு நின்ற மரத்தின் நடுப்பகுதிக் கரி, அதை வெட்டி எரித்த நாளை விட முந்நூறு ஆண்டு பழைய எண்ணைத் தரும். அந்தக் கட்டை முன்னொரு வீட்டில் உத்திரமாக இருந்திருந்தால் அதுவும் சேரும். ஆகவே விதை, சுள்ளி, ஓராண்டுப் பயிர் கிடைத்தால் அதையே அனுப்புங்கள். கரி மட்டும்தான் உண்டு என்றால் என்ன மரம், கிளையா அடிமரமா என்று தாவரவியலாளரிடம் காட்டிவிட்டு அனுப்புங்கள்.

கீழடிக்குக் கி.மு. 580 என்று அவ்வளவு துல்லியமாக எப்படிச் சொல்ல முடிகிறது? கீழடி தொல்பழங்காலமா? — சிவகங்கை வாசகர்

இரண்டாம் கேள்விக்கு முதலில்: இல்லை. அங்கே எழுத்துப் பொறித்த பானை ஓடுகள் உண்டு, ஆகவே அது வரலாற்றுத் தொடக்கக் காலம். ஆனால் உங்கள் முதல் கேள்வி எல்லா இடத்துக்கும் பொருந்தும்.

580 என்பது 353 சென்டிமீட்டர் ஆழத்தில் எடுத்த ஒரு கரி மாதிரிக்கு வெளியிடப்பட்ட எண். செய்தித்தாளுக்கு ஒற்றை எண் பிடிக்கும். ஆய்வகத்துக்கு அது பழக்கமில்லை, அது தருவது ஒரு காலவீச்சு. காற்றிலுள்ள கார்பன்-14 அளவு எல்லாக் காலத்திலும் ஒன்றாக இருந்ததில்லை. அதனால் கருவி தரும் எண்ணை, வயது தெரிந்த மர வளையங்களை வைத்துப் போட்ட வளைகோட்டில் வைத்துத் திருத்துகிறார்கள். அந்தக் கோடு கி.மு. 800-க்கும் 400-க்கும் நடுவே கிட்டத்தட்டப் படுக்கையாகக் கிடக்கிறது. கருவி ‘2450, கூட்டியோ குறைத்தோ 30’ என்று எவ்வளவு நுட்பமாக அளந்தாலும், திருத்திய பிறகு கி.மு. 750 முதல் 410 வரை எங்கும் இருக்கலாம் என்றுதான் வரும். நம் சங்க கால ஆய்வுகளுக்கு இது பெரிய தலைவலி. இன்னும் நல்ல கருவி வாங்கினால் தீராது, கோடே அப்படி. ஒரே குழியில் அடுக்கு வரிசையாகப் பல மாதிரிகள் எடுத்து, கீழே உள்ளது மேலே உள்ளதை விடப் பழையது என்ற நிபந்தனையைக் கணக்கில் சேர்த்தால் வீச்சு சுருங்கும்.

‘பி.பி.’ என்று எழுதியிருந்தால் அது 1950-லிருந்து பின்னோக்கிய எண்ணிக்கை. திருத்தாத பி.பி. எண்ணில் 1950-ஐக் கழித்துக் கி.மு. என்று போடுவது அடிக்கடி நடக்கும் பிழை.

ஒரு அடி மண்ணுக்கு இத்தனை ஆண்டு என்று கணக்குப் போட முடியாதா? — கரூர் வாசகர்

கீழடி எண்களையே போட்டுப் பாருங்கள். 353 சென்டிமீட்டரில் கி.மு. 580, 200 சென்டிமீட்டரில் கி.மு. 205. அந்த 153 சென்டிமீட்டர் சேர 375 ஆண்டு, அதாவது நூற்றாண்டுக்கு 41 சென்டிமீட்டர். மேலே மிச்சமுள்ள 200 சென்டிமீட்டருக்கு இன்று வரை 2,200 ஆண்டுக்கு மேல், அதாவது நூற்றாண்டுக்கு 9 சென்டிமீட்டர். எந்த எண்ணை வைத்துக் கணக்குப் போடுவீர்கள்? மனிதர் வாழும்போது வேகமாகச் சேரும், விட்டுப்போனால் மெல்லச் சேரும், ஒரு வெள்ளம் ஒரே இரவில் ஒரு மீட்டர் கொட்டும் அல்லது வாரிக்கொண்டு போகும்.

மணலையே சோதித்து வயது காண்கிறார்களாமே? இருட்டில் எடுக்க வேண்டும் என்கிறார்களே, ஏன்? — தூத்துக்குடி வாசகி

உங்கள் பக்கத்துத் தேரி மணலுக்கும் அதில் கிடைக்கும் நுண்கற்கருவிகளுக்கும் ஏற்ற முறை இதுதான்: ஒளிர்வுக் காலக்கணிப்பு. மண்ணிலுள்ள யுரேனியம், தோரியம், பொட்டாசியம் ஓயாமல் மெல்லிய கதிர்வீச்சைத் தருகின்றன. மணலிலுள்ள குவார்ட்ஸும் ஃபெல்ட்ஸ்பாரும் அந்த ஆற்றலைச் சேர்த்து வைக்கின்றன. வெயில் பட்டால் சேமிப்பு முழுதும் வெளியேறிச் சுழியம் ஆகிவிடும். புதைந்த பிறகு மறுபடி சேரும். ஆக, இந்த முறை சொல்வது மணல் கடைசியாக வெயில் கண்ட நாளை.

இருட்டு எதற்கு என்று இப்போது புரிந்திருக்கும். எடுக்கும்போது வெளிச்சம் பட்டால் சேமிப்பு போய்விடும். வெட்டுச் சுவரை உள்நோக்கி ஒரு சாண் சீவிவிட்டு, 5 சென்டிமீட்டர் விட்டமும் 20 முதல் 25 சென்டிமீட்டர் நீளமும் உள்ள எஃகுக் குழாயைச் சுத்தியலால் அடித்து இறக்குவார்கள். குழாய் முழுக்க மண் நிரம்பும் வரை அடிக்க வேண்டும். உள்ளே காலி இடம் இருந்தால் வண்டிக் குலுக்கலில் முனையில் வெளிச்சம் பட்ட மணல் நடுப்பகுதியோடு கலந்துவிடும். இரு முனைகளையும் கறுப்பு நாடாவால் மூடுவார்கள். அதே இடத்தைச் சுற்றி 30 சென்டிமீட்டர் வட்டத்திலிருந்து ஒரு கிலோ மண் தனியே காற்றுப் புகாத பையில். காமாக் கதிர் அவ்வளவு தூரம் வரும் என்பதால் அந்த மண்ணின் கதிர்வீச்சும் ஈரமும் தெரிய வேண்டும். பெரிய பாறைக்கு ஒட்டியோ இரண்டு அடுக்கு சேரும் கோட்டிலோ குழாய் அடித்தால் இந்தக் கணக்கு கெடும்.

ஆய்வகத்தில் மங்கலான சிவப்பு விளக்கில் முனை மண்ணை ஒதுக்கிவிட்டு, ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் சுண்ணாம்பையும் ஹைட்ரஜன் பெராக்சைடால் மட்கையும் போக்குவார்கள். சலித்து 90 முதல் 150 மைக்ரான் அளவுள்ள மணியைப் பிரித்து, கனமான திரவத்தில் மிதக்கவிட்டுக் குவார்ட்ஸைத் தனியாக்குவார்கள். பிறகு 40 விழுக்காடு ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தில் ஒரு மணி நேரத்தை ஒட்டி வைத்து மேல்தோலைக் கரைப்பார்கள். நீல ஒளி பாய்ச்சினால் மணி மின்னும். அந்த மின்னலை, தெரிந்த அளவு கதிர் கொடுத்து வரும் மின்னலோடு ஒப்பிட்டுச் சேமிப்பை ‘கிரே’ என்னும் கதிர்வீச்சு அலகில் கணக்கிடுவார்கள். வகுத்தல் எளிது: சேமிப்பு 150 கிரே, ஆயிரம் ஆண்டுக்கு 2.5 கிரே சேர்கிறது என்றால் வயது 60,000.

தவறுவது அந்த வகுத்தலின் அடியில் உள்ள எண்ணில். நீர் கதிரை விழுங்கும். மண்ணின் சராசரி ஈரத்தை 1 விழுக்காடு கூட்டி மதிப்பிட்டால் வயதும் ஏறத்தாழ 1 விழுக்காடு கூடும். இன்று வறண்டிருக்கும் மண் 50,000 ஆண்டாக எவ்வளவு நனைந்திருந்தது என்பது மதிப்பீடுதான். அடுத்த சிக்கல் கலங்கிய ஆற்று நீரில் வந்த மணல். வெயில் சரியாகப் படாமல் பழைய சேமிப்போடு புதைந்தால் வயது கூடிவரும். காற்று கொண்டுவந்த தேரி மணலில் இந்தத் தொல்லை குறைவு. குவார்ட்ஸ் 100 முதல் 200 கிரேயில் நிரம்பி வழியத் தொடங்கும். அதற்கு மேல் போக ஃபெல்ட்ஸ்பாரின் அகச்சிவப்பு ஒளிர்வு வேண்டும். அதில் சேமிப்பு தானாகவே கொஞ்சம் கசியும், சூடாக்கி அளக்கும் முறையில் அந்தக் கசிவைக் குறைக்கிறார்கள்.

அதிரம்பாக்கத்தின் இடைப் பழைய கற்காலம் ‘3,85,000 ± 64,000’ என்று படித்தேன். 64,000 ஆண்டு பிழை என்றால் அது என்ன அறிவியல்? — கோயம்புத்தூர் வாசகர்

அது பிழை இல்லை, ஐயத்தின் அளவு. 2018-இல் ஃபெல்ட்ஸ்பார் ஒளிர்வு வழியே வந்த எண் அது. உண்மை வயது 3.21 லட்சத்துக்கும் 4.49 லட்சத்துக்கும் இடையே இருக்க மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு. 95 விழுக்காடு உறுதி வேண்டுமென்றால் இரட்டிப்பாக்குங்கள்: 2.57 லட்சம் முதல் 5.13 லட்சம். அதே இடத்தின் மேல் அடுக்குக்கு 1,72,000 ± 41,000. இரண்டும் தனித்தனிக் காலம் என்று இந்த எண்களை வைத்தே சொல்லலாம். ‘கைக்கோடரியிலிருந்து இடைப் பழைய கற்காலக் கருவிகளுக்கு மாறியதில் அதிரம்பாக்கம் ஆப்பிரிக்காவை 10,000 ஆண்டு முந்தியது’ என்று யாராவது சொன்னால், இந்த எண்களை வைத்து அதைச் சொல்லவே முடியாது. ± போடாமல் வரும் வயதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

எலும்பு கிடைத்தால் எளிதில்லையா? — கண்டி வாசகர்

எலும்பில் நம்பத்தக்கது கொலாஜன் என்னும் புரதம் மட்டும். வெப்பமும் ஈரமும் அதை அழிக்கும். ஆய்வகத்தில் எடை அளவில் 1 விழுக்காடாவது கொலாஜன் வர வேண்டும், அதில் கார்பன்–நைட்ரஜன் விகிதம் 2.9-க்கும் 3.6-க்கும் நடுவே நிற்க வேண்டும். நம் பக்கத்து எலும்புகள் பெரும்பாலும் இந்த வாசலிலேயே திரும்பிவிடும். இலங்கையின் ஃபாஹியன் குகையில் 48,000 ஆண்டு வரை பின்னோக்கிச் செல்லும் எலும்பு அம்பு முனைகள் கிடைத்தன. அந்தக் கால வரிசைக்கு அடுக்குகளில் இருந்த கரியும் தோள் கொடுத்தது.

கீழ்வாலைச் சிவப்பு ஓவியங்களுக்கு வயது சொல்ல முடியுமா? — விழுப்புரம் வாசகி

சிவப்பு என்றால் செங்காவி, இரும்பு ஆக்சைடு. கார்பன் இல்லை. கரியால் வரைந்த கறுப்பு ஓவியமாக இருந்தால் ஒரு துணுக்கு சுரண்டி ஏ.எம்.எஸ்.ஸுக்கு அனுப்பலாம், அப்போதும் கிடைப்பது மரத்தின் வயது. சுண்ணாம்புக் குகைகளில் ஓவியத்தின் மேல் பொருக்கு படர்ந்திருந்தால் யுரேனியம்–தோரியம் முறை உதவும். யுரேனியம் நீரில் கரைந்து வரும், தோரியம் வராது. ஆகவே பொருக்கிலுள்ள தோரியம், யுரேனியம் சிதைந்து அங்கேயே பிறந்தது; எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்பது பொருக்கின் வயதைச் சொல்லும். சுலவேசித் தீவின் ஓர் ஓவியத்துக்கு 2024-இல் குறைந்தது 51,200 ஆண்டு என்று வந்தது இப்படித்தான். அந்தக் ‘குறைந்தது’ முக்கியம்: வயது பொருக்குக்கு, ஓவியம் அதை விடப் பழையது. கீழ்வாலை சுண்ணாம்புக் குகை இல்லை.

எரிமலைச் சாம்பலை வைத்தும் கணக்கிடுகிறார்களாம். இந்தியாவில் எரிமலை எங்கே? — ஓசூர் வாசகர்

சாம்பல் சுமத்ராவின் டோபா எரிமலையிலிருந்து வந்தது, ஏறத்தாழ 74,000 ஆண்டுகளுக்கு முன். ஆந்திரத்தின் ஜுவாலாபுரத்தில் அந்தச் சாம்பலுக்குக் கீழேயும் மேலேயும் கற்கருவிகள் கிடைத்தன. கீழ் மண்ணின் ஒளிர்வு வயது 77,000, மேல் மண்ணுக்கு 74,000. ஐய வீச்சோடு பார்த்தால் சாம்பலின் வயதோடு ஒத்துப்போகிறது. ஒரு நாட்காட்டித் தாள் மண்ணுக்குள் கிடைத்த மாதிரி.

ஆனால் அது எந்த வெடிப்பின் தாள் என்று முதலில் உறுதி செய்ய வேண்டும். டோபா பல முறை வெடித்திருக்கிறது. மகாராட்டிரத்தின் போரியில் கைக்கோடரிகளோடு கிடைத்த சாம்பலுக்கு, பொட்டாசியம் சிதைந்து ஆர்கான் வாயு ஆவதை அளக்கும் பொட்டாசியம்–ஆர்கான் முறை ஏறத்தாழ 14 லட்சம் என்றது. பிறகு வந்த இன்னொரு கணிப்பு 6.7 லட்சம். கண்ணாடித் துகள்களின் வேதியியலைப் பார்த்தவர்கள், இது அதே 74,000 ஆண்டுச் சாம்பல், பழைய பாறைப் பொடி கலந்ததால் எண் ஏறிவிட்டது என்றார்கள். மழை கழுவி ஓடையில் சேர்த்த சாம்பலாக இருந்தால் அடியில் கிடக்கும் கருவிக்கும் அதற்கும் உள்ள உறவும் கேள்விக்குரியது. ஒரே சாம்பலுக்கு மூன்று வயது. சண்டை அளக்கும் கருவியைப் பற்றியதே இல்லை, அந்தக் கருவிக்குள் போன பொடி எதனுடையது என்பதைப் பற்றியது.